வடநெம்மேலிப் பானையும் பாம்புச் செள்ளும்

டெக்சாஸில் இருக்கும் கல்லூரி நண்பன் போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வளர்க்கும் மலைப்பாம்பின் கண்ணோரத்தில் கடுகை விடச் சின்னதாய்க் கறுப்புப் புள்ளிகள். "மூணு தடவை மருந்து அடிச்சாச்சு, திரும்பத் திரும்ப வருதுடா."

பாம்புச் செள்ளு. கோழிக்குப் பிடிக்குமே செள்ளு, அதில் சில வகைக்கு இது ஒரே குடும்பம். செதிலுக்கு அடியில் புகுந்து ரத்தம் குடிக்கும். பாம்பு சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும். 1948-இல் ஜோசப் காமின் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாம்புகளைக் கொல்லும் ஒரு ரத்த நோயை இது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது என்று காட்டினார்.

அப்போதுதான் வடநெம்மேலி ஞாபகம் வந்தது. செங்கல்பட்டுக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துத்தான் இருளர்கள் பிழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம், 1976-இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. பிழைப்பு போச்சு. ராமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கொல்லாமல் விஷம் மட்டும் எடுப்பது, விஷமுறிவு மருந்து செய்பவர்களுக்கு விற்பது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. வனத்துறை அனுமதியோடு பிடித்து, மூணு நாலு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

வைத்திருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் துணி கட்டியிருக்கும். சின்ன வயதில் பார்த்தபோது 'பாவம், கண்ணாடித் தொட்டி வாங்கக் காசில்லை போல' என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

செள்ளு முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல. இருட்டான, ஈரப்பதமுள்ள இடுக்கில். வெதுவெதுப்பான இடத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஏறக்குறைய ரெண்டு வாரம் போதும். அதாவது மூணு நாலு வாரத்தில் ஒரு தலைமுறையே வந்துவிடலாம். வெவ்வேறு வயல்களில் பிடித்த பாம்புகள் ஒரே கூரையின் கீழ். ஒன்றின் பூச்சி மற்றதில் ஏறி, அதுவும் காட்டுக்குத் திரும்பினால்? பிழைப்பே 'உயிரோடு திருப்பி விடுவோம்' என்ற வாக்கில் நிற்கிற சங்கம் இது. பானையில் கொஞ்சம் பாம்புதான் இருக்கும். மணலைக் கொட்டிவிடலாம், பானையைக் கழுவி வெயிலில் கவிழ்க்கலாம். மரக்கட்டை, கட்டிய மூலை எதுவும் கிடையாது. இதை மனதில் வைத்துத்தான் பானையைத் தேர்ந்தார்கள் என்று சொல்லவில்லை. பானை சுலபமாகக் கிடைக்கும், குளிர்ச்சி என்பதே போதுமான காரணம். ஆனால் பலன் இதற்கும் பொருந்துகிறது.

(நம்மூர்ப் பாம்பை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் பானை வாங்கக் கிளம்ப வேண்டாம்.)

நண்பனின் தொட்டியில் தேங்காய் நார், பட்டை, அலங்கார மரத்துண்டு. அவன் பாம்புக்கு மருந்து அடிக்கிறான், முட்டையோ மரத்தில் இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், பக் டேட்டாபேஸில், இவன் ஸ்க்ரீனை மாற்றிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு வெறும் பேப்பர் விரி, தொட்டி இடுக்கைச் சுடுதண்ணியில் கழுவு, பாம்பை வெதுவெதுப்பான நீரில் பக்கத்தில் இருந்து ஊற வை, மருந்தை டாக்டர் சொன்ன அளவில் ரெண்டு வாரம் தாண்டி மறுபடி போடு என்றேன். அவன் ஆமையும் வளர்க்கிறான். ஐவர்மெக்டின் அதைக் கொன்றுவிடும் என்பதையும் சொன்னேன்.

"அந்த மரத்துண்டு எண்பது டாலர்டா" என்றான்.