மடையும் மோட்டாரும்



இயந்திரங்கள் பெருகப் பெருக மனிதனுடைய இயல்பான அறிவுத்திறன் மழுங்குகின்றதா என்பது பள்ளி, கல்லூரிச் சொற்போர்களில் அடிக்கடி எழும் வினா. மழுங்குகின்றது என்பர் ஒரு சாரார். கூர்மை அடைகின்றது என்பர் மற்றொரு சாரார். பொதுப்படப் பேசினால் இவ்வழக்கு முடிவதில்லை. ஆகவே, நாம் நன்கறிந்த ஒரு பொருளைக் கொண்டு இதனை ஆராய்வோம். அப்பொருள் தண்ணீர். இடம், மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும்.

வைகை ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று. வெள்ளம் வரும் நாள் சில. மணல் தெரியும் நாள் பல. வரும் சில நாளில் நீரைப் பிடித்து, வாராத பல நாளுக்குச் சேர்த்து வைத்தாலன்றி இங்கு உழவு இல்லை. இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். வைகைப் படுகையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, ஆற்றில் மதகு அமைத்த செய்தியைக் கூறுகின்றது. ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கண்மாய், அக்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய். இவ்வாறு சங்கிலித் தொடர்போல் நீர்நிலைகள் அமைந்தன.

ஒரு கண்மாயின் உறுப்புகளைச் சிறிது உற்று நோக்குவோம். கரைக்கு உட்புறமாகக் குமிழித் தூம்பு என்ற கல் தொட்டி இருக்கும். அதன் மேற்பகுதியில் நீர் புகும் துளையும், அடியில் சேறு புகும் சிறு துளைகளும் உண்டு. மேல் துளையின் அடைப்பைத் தூக்கினால், நீரும் அதனோடு சிறிதளவு சேறும் கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வயலுக்குச் செல்லும். கண்மாயில் படியும் வண்டல் குறைகின்றது. வயலுக்கோ அதுவே உரமாகின்றது.

மிகுதி நீர் வழிவதற்குக் கலிங்கு உண்டு. அதன்மேல் வரிசையாகக் கற்களை நட்டு வைத்திருப்பர். மழை உரத்துப் பெய்யும் காலத்தில் கற்களின் இடைவெளி திறந்தே இருக்கும். மழை ஓயும் தறுவாயில் மண்ணும் வைக்கோலும் கொண்டு அவ்விடைவெளியை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்துவர். முந்தி அடைத்தால் கரை உடையும். பிந்தி அடைத்தால் நீர் வீணாகும். எந்த நாளில் அடைப்பது? வானத்தையும், மேலூர்க் கண்மாய்களின் நிலையையும், கரையின் வலிமையையும் சேர்த்து எண்ணியே அதனை முடிவு செய்ய வேண்டும். நீர்க்கட்டி என்று ஊரார் அழைத்தவர் எழுத்தறியாதவராக இருக்கலாம். எனினும், இக்கணக்கை அவர் அறிந்திருந்தார்.

இதனால் பழங்காலத்தைப் பொற்காலம் என்று புகழ நான் முன்வரவில்லை. கரையில் மண் சுமந்தவர் பலர்; விளைச்சலைப் பெற்றவர் சிலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலத்தில், வானம் பொய்த்ததும் கண்மாய்களும் வறண்டன. இருந்த அறிவு அன்று போதவில்லை. புதிய வழி ஒன்று வேண்டியிருந்தது.

அவ்வழியின் வரலாறு நம் வினாவுக்கு நல்ல விளக்கமாகும். மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணத்தை, 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். செலவு மிகுதி என்பதால் அது கைவிடப்பட்டது. எண்ணம் முன்பே பிறந்தது. கருவி பின்னரே வந்தது. பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் அணை வேலை தொடங்கியது. வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொன்றது. எனினும், சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து சுரங்கவழியும் அமைந்தது. 1895 அக்டோபர் 10-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. பேரணையில் பிரிந்த பெரியாற்றுக் கால்வாய், பழைய கண்மாய்கள் பலவற்றை நிரப்பிற்று. இங்கே புதிய தொழில்நுட்பம் பழைய அறிவை அழிக்கவில்லை; அதற்கு வலிமை சேர்த்தது.

அடுத்து வந்தது மோட்டார். நான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் கமலை இறைக்கும் ஒலி கேட்டுக் கண்விழித்ததுண்டு. மாடுகள் சரிவில் இறங்குவதும் பின்னோக்கி ஏறுவதுமாக உச்சிவேளை வரை உழைக்கும். ஓட்டுபவரும் உடன் உழைப்பார். எங்கள் ஊரில் முதல் மின்மோட்டார் ஓடிய அன்று முதியவர்கள் கிணற்றடியில் நின்று வியந்து மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் பிழை ஒன்றும் இல்லை. முதுகொடிக்கும் உழைப்பு ஒழிந்தது நன்றே.

ஆனால், அதனோடு வேறொன்றும் ஒழிந்தது. கண்மாய் நீர் ஊருக்குப் பொது. கிணற்று நீர் அவரவர்க்கு உரியது. பொத்தானை அழுத்தினால் நீர் வரும் என்றான பின், கலிங்கை எப்போது அடைப்பது என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை. வரத்துக்கால் தூர்ந்தது, கண்மாய் மேடிட்டது. கண்மாய் வற்றவே கிணறும் வற்றியது. அப்போதும் காரணத்தை ஆராயாமல், ஆழ்துளையை மேலும் ஆழமாக்கினோம். கிணற்றுக்கு நீர் ஊட்டியது கண்மாயே என்பது நமக்கு மறந்துபோயிற்று.

மதுரை நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. திருமலை நாயக்கர் 1645-ல் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து நீர் தானே வந்து சேரக் கால்வழி இருந்தது. அவ்வழி அடைபட்ட பின், தைமாதத் தெப்பத் திருவிழாவுக்காக மோட்டார் வைத்து நீர் நிரப்பும் வழக்கம் வந்தது. விழா முடிந்தால் குளம் மெல்ல வற்றி, சிறுவர் பந்தாடும் திடலாகும். அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியாக அந்தத் தொடர்பைச் சீர்செய்தனர். வைகை நீர் மீண்டும் தானே வந்து குளத்தை நிறைத்தது. பல்லாண்டுகளாக மோட்டார் செய்த வேலையை, நிலத்தின் சரிவு செலவின்றிச் செய்தது.

குடிமராமத்துத் திட்டம் 2017-ல் தமிழ்நாட்டில் மீண்டும் தொடங்கியபோதும் மண்ணை அள்ளியது பெரும்பாலும் பொக்லைன் இயந்திரமே. அதில் இழுக்கில்லை. நூறு பேர் செய்யும் வேலையை அது ஒரு நாளில் முடிக்கும். ஆனால், எங்கே அள்ள வேண்டும், எவ்வளவு அள்ள வேண்டும், நீர் எத்திசையிலிருந்து வரும் என்பவற்றை அது அறியாது. அறிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் இல்லையேல், அவ்வியந்திரம் வரத்துக்காலையே மூடிவிடவும் கூடும்.

ஆகவே, இயந்திரம் அறிவை மழுக்குவதில்லை என்பதே என் துணிபு. இயந்திரம் வந்ததும் கேள்வி கேட்பதை நாம் நிறுத்திவிடுகிறோமே, அதுதான் மழுக்குகின்றது. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், "வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று வகுப்பில் கேட்பதுண்டு. "மோட்டாரிலிருந்து, ஐயா" என்பர் பலர். அது விடையன்று, விடையின் தொடக்கம்.

மாணவர்களே, வரும் விடுமுறையில் ஒரு நாள் உங்கள் ஊர்க் கண்மாய்க்குச் செல்லுங்கள். நீர் வரும் கால் எது, மறுகால் எங்கே பாய்கின்றது, அடுத்த கண்மாய் எது என்று நடந்து பாருங்கள். மடையையும் கலிங்கையும் அறிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அவர் கூறுவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் காலத்துக்குப் பின் அக்கணக்கைக் கேட்டறிய வேறு இடம் இராது.