சரக்கறையில் கடல்மகள்: குறைசெலவுக் கப்பல் திகிற்படங்களும் மட்டக்களப்பு வாவி மரபும்

நடுக்கடலில் செல்லும் கப்பலொன்றினுள் பழங்கதைகளில் மட்டுமே கேள்விப்பட்ட உயிரொன்று கட்டவிழ்ந்து திரிய, தப்பிச் செல்ல இடமில்லாத மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக மடிவதைச் சொல்லும் குறைசெலவுத் திகிற்படங்கள், திரைப்பட ஆய்வாளரால் பெரும்பாலும் பொழுதுபோக்குச் சரக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆயினும் அவற்றுள் தேர்ந்தவற்றை ஊன்றி நோக்கும்போது, அச்சத்தின் ஊற்று அந்த உயிரிடத்தில் இல்லை என்பதும், அதைப் பிடித்து, விலைபேசி, கப்பலில் ஏற்றியவரிடத்திலேயே உள்ளது என்பதும் புலனாகின்றன. கடல்மகளைத் தன் ஊரின் அடையாளமாகக் கொண்டாடும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திலிருந்து இவ்வகைமையைப் பார்க்கும் ஒருவருக்கு இவ்வுண்மை மேலும் தெளிவாகத் தெரியும் என்பதும், அவ்வாவியின் மரபு இவ்வகைப் படத்துக்குக் கதையை மட்டுமன்றி அதைச் சொல்லும் முறையையும் தரவல்லது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கப்பல் இவ்வகைமைக்குக் களமானதற்கு முதற் காரணம் பணம். நாற்புறமும் நீர் சூழ்ந்த கலத்தில் பாத்திரங்கள் வேறெங்கும் போக முடியாது. ஒடுங்கிய நடைவழி, சரக்கறை, மேற்றளம் ஆகிய மூன்றும் இருந்தால் முழுப் படத்தையும் எடுத்துவிடலாம். அவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 1931இல் வெளிவந்த 'ட்ரகுலா'வின் புயற்காட்சிக்கு 1925ஆம் ஆண்டின் பேசாப்படமொன்றின் காட்சித்துண்டுகள் பயன்பட்டன. ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் சிறுசெலவுத் திகிற்படங்களைத் தயாரித்த வால் லூட்டன், 1943இல் 'கோஸ்ட் ஷிப்' படத்தை எடுத்தபோது, முன்னொரு படத்துக்காக அமைக்கப்பட்டிருந்த கப்பல் அரங்கையே கதைக்கு அடிப்படையாக்கிக்கொண்டார். இரத்தக்காட்டேரிகள் உலவும் போர்க்காலக் கப்பலைச் சித்திரித்த 'பிளட் வெசல்' என்ற 2019ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியப் படமோ, மெல்பேர்ணில் நூதனசாலையாகப் பேணப்படும் பழைய போர்க்கப்பலொன்றில் படமாக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் கலை சார்ந்தது. மலிவாகச் செய்யப்பட்ட விலங்குருவை வெளிச்சத்தில் நிறுத்தினால் அச்சம் நகைப்பாகிவிடும் என்பதை ரோஜர் கோர்மனின் 'கிரியேச்சர் புரொம் த ஹோண்டட் சீ' (1961) நன்கு காட்டுகிறது. முக்குளிப்பாளரின் ரப்பர் உடுப்பின்மேல் பாசியையும் பாத்திரம் துலக்கும் கம்பிநாரையும் ஒட்டி, ரென்னிஸ் பந்துகளைக் கண்களாக்கிய அந்த உருவம் சிரிப்பை உண்டாக்குவதற்கென்றே படைக்கப்பட்டது. எனினும் அதன் கதை கூர்மையானது. கியூபாவிலிருந்து தப்பியோடுவோரின் பொன்னைத் தன் படகில் ஏற்றிச் செல்லும் கயவன் ஒருவன், அவர்களைக் கொன்று பழியைக் கடற்பூதத்தின்மேல் போடத் திட்டமிடுகிறான். உண்மையான பூதம் பின்னரே வருகிறது. பூதத்துக்கு முன்னரே கொலை எண்ணம் படகில் ஏறிவிட்டது என்பது இங்கு வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. லூட்டனோ 1942இன் 'கேட் பீப்பிள்' படத்தில் வேறு வழியைக் கண்டார். விலங்கைக் காட்டாமல், நிழலாலும் காலடியோசையாலும் அதை உணரச் செய்தார். செலவின்மை அங்கு குறையாக நில்லாமல் கலைக்கோட்பாடாகவே வளர்ந்தது.

இவ்வகைமையின் மூலக்கதை, பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'ட்ரகுலா' நாவலின் டெமிட்டர் கப்பல் பகுதியாகும். அங்கு இரத்தக்காட்டேரி கப்பலைத் தாக்கி உள்ளே நுழையவில்லை. மண் நிரம்பிய பெட்டிகளில், முறையான கப்பற் பத்திரங்களுடன், வார்ணா துறைமுகத்திலிருந்து கூலி கொடுத்து அனுப்பப்பட்ட சரக்காகவே வருகிறது. வணிகம் கதவைத் திறந்து விட்ட பின்னரே அழிவு தொடங்குகிறது. இந்த நுட்பத்தைக் கடல்மகள் கதையில் பொருத்திய படம், செபஸ்தியன் குத்தியெரெஸ் இயக்கி 2001இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான 'ஷீ கிரியேச்சர்' ஆகும். அயர்லாந்தில் பொய்க் கடல்மகளைக் காட்டிக் காசு சேர்க்கும் வித்தைக்காரன் ஒருவன், உண்மையான கடல்மகளைத் திருடி, நீர்த்தொட்டியில் அடைத்து, பெருஞ்செல்வம் ஈட்டும் ஆசையுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறான். தொட்டியிலிருந்து விடுபட்ட அவ்வுயிர் மாலுமிகளைக் கொன்று தின்கிறது. பார்வையாளரின் பரிவு கொல்லப்படுவோரிடமிருந்து சிறுகச் சிறுக நழுவி, சிறையிடப்பட்டவளிடம் சென்றுவிடுவதே அப்படத்தின் வலிமை.

இக்கதைக்கு நடைமுறை வரலாற்றிலும் வேர் உண்டு. அமெரிக்கக் கப்பற்றலைவரான சாமுவேல் பரெட் ஈட்ஸ், குரங்குடலையும் மீன்வாலையும் இணைத்துச் செய்யப்பட்ட 'கடல்மகள்' ஒன்றை வாங்குவதற்காக, தனக்கு எட்டில் ஒரு பங்கு மட்டுமே உரிமையாக இருந்த கப்பலை விற்று, 1822இல் அதை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். பின்னர் அதே பொருள் எனக் கருதப்படுவதைக் காட்சி வணிகரான பி. ரி. பார்னம் 1842இல் நியூயோர்க்கில் காட்டிப் புகழும் பணமும் சேர்த்தார். ஆனால் தமிழ் வாசகருக்கு நெருக்கமான சான்று மன்னாரில் இருக்கிறது. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் எடுத்துரைக்கும் இயேசுசபை வரலாற்றுச் செய்தியின்படி, 1560இல் மன்னார்க் கடலில் ஆணும் பெண்ணுமாக ஏழு 'கடல்மாந்தர்' பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போர்த்துக்கேய ஆளுநரின் வைத்தியரால் அறுத்து ஆராயப்பட்டனர். அவை ஆவுளியா என்று மன்னார்ப் பக்கத்தில் வழங்கும் கடற்பசுக்கள் என்பதே டென்னன்ட் முதலியோரின் கருத்து. அதே 1560இல்தான் மன்னார்த் தீவு போர்த்துக்கேயர் கைப்பட்டது. நிலமும் முத்தும் மக்களும் போன வழியிலேயே பழங்கதை உயிரும் கப்பலேறிப் போயிற்று. திகிற்படம் இச்செய்தியிலிருந்து கற்பனையால் எடுத்துவைக்கும் அடி ஒன்றே ஒன்று: பிடிபட்ட உயிர் கோவா சென்று சேராமல் கப்பலிலேயே விழித்துக்கொள்கிறது.

தமிழின் கடற்கதைகள் இவ்வுறவை மறுபுறமிருந்து பார்த்தவை. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வரும் மணிமேகலா தெய்வம் கலம் கவிழ்ந்தோரைக் கரைசேர்ப்பது. கடலில் வாழும் தெய்விக உயிர் கப்பலுக்குப் பகையாக அன்றிக் காவலாக நிற்கிறது. கிழக்கிலங்கைக் கரையில் கடல்நாச்சி அம்மன் வழிபாடு வேரூன்றியிருப்பதும் இதே மனப்பாங்கின் தொடர்ச்சியாகும். கண்ணகி கோவில்களில் பாடப்படும் 'கண்ணகி வழக்குரை'யின் கடலோட்டு காதையில் மீகாமன் நாகமணி தேடிக் கலம் செலுத்துகிறான். கரையோரத் தலைவனான வெடியரசன் அவனை எதிர்க்கிறான். பொருளை நாடிக் கடலுக்குள் புகுபவன் மனிதன் என்பதையும், தடுப்பவருக்கும் தம்மளவில் ஒரு நியாயம் இருக்கலாம் என்பதையும் அக்காதை உணர்த்துகிறது. சடங்குக் காலத்தில் இதைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புப் பார்வையாளர் 'ஷீ கிரியேச்சர்' படத்தின் நீதியைப் புரிந்துகொள்ள அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை.

வாவி மரபின் தனிச்சிறப்பு அதன் ஒலியில் உள்ளது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பில், கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதியில், காற்றடங்கிய நிலாக்காலங்களில் நீருக்கடியிலிருந்து இசைபோன்ற ஒலி எழுவதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1848 செப்டெம்பரில் இரவுவேளை படகேறிச் சென்ற டென்னன்ட் அவ்வொலியைக் கேட்டு, விளிம்பு தேய்க்கப்பட்ட கண்ணாடிக் கிண்ணத்தின் மெல்லதிர்வுக்கு அதை ஒப்பிட்டதோடு, படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகக் கேட்டதையும் குறித்தார். அவரை அழைத்துச் சென்ற மீனவர் அது ஊரி என்னும் நத்தையின் ஒலி என்றனர். வேறு சிலர் மீன் என்பர். கதை கடல்மகள் என்கிறது. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்தார். சுவாமி விபுலாநந்தர் 1947இல் அரங்கேறிய தம் 'யாழ் நூல்' என்ற பேராய்வில், வாவியின் ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடியிருப்பது, நாட்டார் நம்பிக்கையை இசையாராய்ச்சியின் தொடக்கப்புள்ளியாகக் கொண்ட அரிய செயலாகும்.

ஆக, இவ்வுயிரைக் கண்டவர் எவருமில்லை, கேட்டவரே உளர். அதைக் கேட்பதற்கும் கலம் வேண்டும். நீரில் எழும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பை எட்டியதும் காற்றுக்குள் புகாமல் திரும்பிவிடுகிறது. நீரில் அமிழ்ந்த மரமோ அதிர்வை வாங்கிக் காதுவரை கடத்துகிறது. அதனால்தான் தோணியின் அடிப்பலகையிலோ, நீருள் ஊன்றிய துடுப்பின் மேல்நுனியிலோ காதை வைத்துக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. உருவைக் காட்டாமல் ஒலியால் அச்சமூட்ட வேண்டும் என்று லூட்டன் தன் வறுமையிலிருந்து கண்ட கொள்கை, வாவியில் இயற்கையாகவே அமைந்து கிடக்கிறது. பாத்திரம் ஒவ்வொரு முறையும் காதைப் பலகையில் பதிக்கும்போது, பார்வையாளரும் அந்த மெல்லிய மரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று செவிகொடுக்க நேரும். ரப்பர் உடுப்பும் கணினி வரைகலையும் செய்ய முடியாத காரியம் இது. மட்டக்களப்புக் கூத்தும் இதற்குத் துணைநிற்கும். அண்ணாவியாரின் மத்தளமும் வரவுப் பாட்டும் பாத்திரத்தின் தன்மையை முன்கூட்டியே நாட்டிவிடுவதால், ஒலியைக் கொண்டு ஒருவரின் வருகையை எதிர்பார்க்கும் பயிற்சி இப்பிரதேசத்துப் பார்வையாளருக்குப் புதிதன்று.

இந்தியப் படங்கள் இத்திசையில் செல்லவில்லை. 2011இல் மும்பாய் ஜூஹு கடற்கரையில் தரைதட்டிய எம்.வி. விஸ்டம் கப்பலை நினைவூட்டும் 'பூத்' (2020) என்ற இந்திப் படமும், மீன்பிடிக் கிராமமொன்றின் சபிக்கப்பட்ட கடலைக் கதையாக்கிய 'கிங்ஸ்டன்' (2025) என்ற தமிழ்ப் படமும் கப்பலையும் படகையும் ஆவிகளின் இருப்பிடமாக்கின. உரத்த ஒலியும் மிகுந்த வரைகலையும் இரண்டிலும் மௌனத்துக்கு இடம் வைக்கவில்லை. கடலின் அச்சத்தைச் சொல்ல வந்த படங்கள் கடலைக் கேட்கவிடாமல் செய்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

மட்டக்களப்பிலும் ஆவிக்கப்பலுக்குப் பொருள் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அன்று 307 பேர் அக்கப்பலில் உயிரிழந்தனர். உடன் சென்று மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலின் பெயர் வம்பயர், அதாவது இரத்தக்காட்டேரி. மலிவான திரைக்கதைக்கு இதைவிட வாய்ப்பான பெயர் அமையாது. ஆயினும் அப்பெயரைக் கொண்டு பூதக்கதை புனைவது தவறாகும். பெயர் அறியப்பட்ட மனிதர் மடிந்த இடம் அது. அவர்களைக் கொன்றது பேரரசுகளின் போர்.

இதே கண்டிப்பு ஆழிப்பேரலை குறித்தும் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த நாவலடி, 2004 டிசம்பர் 26 அன்று பேரழிவுக்கு உள்ளாயிற்று. வீட்டார் அனைவரையும் நீருக்குக் கொடுத்தவர் வாழும் கரையில், கடலுக்குக் கொலைவெறி கற்பிக்கும் படம் பொய்யானதும் கொடியதும் ஆகும். 2011 ஓகஸ்ட்டில் கிழக்கு மாகாணத்தில், உடலில் கிறீஸ் பூசி வருவதாகச் சொல்லப்பட்ட கிறீஸ் பூதம் பற்றிய பீதி பரவியபோது, மக்கள் அஞ்சியது இருளில் வந்துபோகும் மனிதனுக்கு. பூதம் என்ற பெயரின் பின்னால் யார் இருக்கிறார் என்ற கேள்வியையே அவர்கள் எழுப்பினர். போர்க்காலத்தைக் கடந்து வந்த சமூகம் பூதக்கதையை இவ்வாறே வாசிக்கும். அந்த வாசிப்புக்குத் தகுதியான படத்தையே அதன் முன் வைக்க வேண்டும்.

அத்தகைய படத்துக்குக் கப்பல்கூடத் தேவையில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும், உள்ளூரில் பாதை என்றே அழைக்கப்படும் மிதவை, டெமிட்டர் கப்பலின் மேற்றளத்துக்கு ஈடான களம்: திறந்த பலகைத்தளம், நாற்புறமும் நீர், ஒருவரையொருவர் அறியாத பயணிகள், நடுவில் என்னவென்று எவரும் கேட்காத ஒரு மூடிய நீர்த்தொட்டி. மீனவர் வாழ்வைச் சொன்ன 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்களை மிகக் குறைந்த வசதியுடன் எடுத்துக்காட்டிய ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்கு இது எட்டாத முயற்சியன்று. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே, அந்த ஒலி கேட்பதாகச் சொல்லப்படும் பாலத்துக்கு அண்மையில் இருக்கிறது. இசையும் நாடகமும் அங்கு ஒருங்கே பயிற்றப்படுகின்றன. அந்நிறுவகத்தின் மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நீரடி ஒலிவாங்கியுடன் நிலாக்கால இரவுகளில் தோணியேறி, வாவியின் இன்றைய ஒலிகளை இடமும் நேரமும் குறித்துப் பதிவு செய்து, பொது ஆவணமாக வைப்பதே. படம் அதற்குப் பின்னர் வரட்டும்.