கஞ்சா: காட்டிலா, பட்டா நிலத்திலா?

கஞ்சா என்றாலே போலீஸ் ரெய்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் அது அரசாங்கக் கணக்கில் வந்த பயிர்! 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கியது. நம் ஜவ்வாது மலைச் சாகுபடியும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. முழுத் தடை வேண்டாம். லைசென்ஸ், வரி, கண்காணிப்பு போதும் என்பது 1894இல் அது சொன்ன முடிவு. வங்காளத்து நவ்கானில் லைசென்ஸ் பெற்ற கஞ்சா விவசாயிகளுக்கு 1917இல் கூட்டுறவுச் சங்கமே இருந்தது (இன்று அந்த ஊர் வங்கதேசத்தில்).

தடை வந்தபின் பயிர் ஒளிந்த இடம் காடு. 1956 வரை சிதறாலோடு ஒரே மாநிலத்தில் இருந்த இடுக்கி மலைகளில், திருட்டுச் சாகுபடிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. யாரும் பார்க்காத பயிருக்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்று யார் சோதிப்பது?

1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டமே, நாருக்கும் விதைக்கும் பயிரிட 14ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. 2018இல் உத்தராகண்ட் அந்த வழியில் போனது. போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இது போதைக்காரர்களைத் திருத்திவிடாதுதான். ஆனாலும் பட்டா நிலத்தில், அதிகாரி கண்முன் விளையும் பயிருக்குக் காட்டை வெட்ட வேண்டியதில்லை. அங்கே விவசாயிகள் திண்டாடியது அந்த அளவைத் தாண்டாத விதை கிடைக்காமல்தான். லைசென்ஸுக்கு முன்னால் கொடுக்க வேண்டியது அந்த விதையை.