விமானத்தின் திரும்பு வீதம்

விமானம் ஒரு நொடியில் தன் திசையை எத்தனை பாகை மாற்றுகிறது என்பதே அதன் திரும்பு வீதம். உயரம் மாறாமல் திரும்பும் விமானத்துக்கு இதைக் கணிக்க வேகம், ஜி என்று சொல்லப்படும் சுமைக் காரணி ஆகிய இரண்டு அளவுகள் போதும். விமானத்தின் எடையும் பருமனும் இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை.

இறக்கைகள் தரும் தூக்குவிசை எடையைப் போல் எத்தனை மடங்கு என்பதே சுமைக் காரணி. நேராகப் பறக்கையில் அது 1. திரும்புவதற்காக விமானம் பக்கவாட்டில் சாயும்போது தூக்குவிசையும் உடன் சாய்கிறது; அதன் செங்குத்துக் கூறு எடையைத் தாங்க, கிடைக் கூறு விமானத்தை வட்டத்தின் மையம் நோக்கி இழுக்கிறது. சாய்வு 60 பாகையானால் 2 ஜி தேவைப்படும். கிடைக் கூற்றைப் பிதாகரஸ் தேற்றமே தந்துவிடுகிறது: சுமைக் காரணியின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும். அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கி, நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் திரும்பு வீதம் ரேடியனில் கிடைக்கும். 57.3-ஆல் பெருக்கினால் பாகை.

மணிக்கு 540 கி.மீ., அதாவது நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 4 ஜி-யுடன் திரும்பும் விமானத்தின் வீதம் நொடிக்கு 14.5 பாகை. முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 25 நொடி ஆகும். வட்டத்தின் ஆரம் 592 மீட்டர். ஜி மாறாமல் வேகம் இரட்டித்தால் வீதம் பாதியாகிறது, ஆரமோ நான்கு மடங்காகிறது.

இந்தக் கணக்கின் அடிப்படை விமானத்துக்கு முந்தியது. வட்டப் பாதையில் செல்லும் பொருளின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் கண்டறிந்து, 1673-இல் வெளியிட்டார். வானில் அதை முதலில் உணர்ந்தவர்கள் ரைட் சகோதரர்கள். 1904 செப்டம்பர் 20 அன்று ஒஹாயோவின் டேட்டன் அருகே வில்பர் ரைட் முதன்முறையாக ஒரு முழு வட்டம் பறந்தார். ஆனால் இறுக்கமான வளைவுகளில் விமானம் கட்டுப்பாட்டை இழந்துகொண்டிருந்தது. திரும்பும் விமானம் தன் எடையோடு கூடுதல் சுமையையும் தாங்கியாக வேண்டும் என்பதும், அதற்குப் போதிய வேகம் இல்லாததே கோளாறு என்பதும் 1905-இல்தான் அவர்களுக்குப் புலப்பட்டன. சுமைக் காரணி 4 ஆனால், தூக்குவிசை அறுந்துபோகும் குறைந்தபட்ச வேகம் இரட்டிப்பாகிறது.

ஜி-யைப் பறக்கும்போதே முறையாக அளந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஜேம்ஸ் டூலிட்டில். 1924-இல் அதே டேட்டனின் மெக்குக் தளத்தில், முடுக்கமானி பொருத்திய ஃபோக்கர் போர் விமானத்தில் அவர் 7.8 ஜி வரை பதிவு செய்தார். கணநேரம் அத்தனையைத் தாங்கும் உடல், ஏறத்தாழ நாலரை ஜி நீடித்தாலே மூளைக்கு இரத்தம் எட்டாமல் தவிக்கிறது என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. வரம்பு இறக்கையில் மட்டுமல்ல, விமானியிடமும் இருக்கிறது. கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ் உருவாக்கிய, நீர் நிரப்பிய உடை இந்த வரம்பை உயர்த்தும் முயற்சி. 1942-இல் வட ஆப்பிரிக்கப் போரில் அது பயன்பட்டது.

மெதுவாகப் பறந்தால் இறக்கையால் போதிய ஜி தர இயலாது. மிக வேகமாகப் பறந்தால் ஜி-யின் உச்சத்திலும் வீதம் சரிகிறது. இரண்டும் சந்திக்கும் முனை வேகத்தில்தான் விமானம் மிக விரைவாகத் திரும்பும். நேர்நிலைப் பறப்பின் குறைந்தபட்ச வேகத்தை, தாங்கக்கூடிய ஜி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அந்த வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். ஆயினும் அங்கே நீடிப்பது அரிது: கடும் திருப்பத்தில் இழுவை பெருகி வேகம் கரைந்துவிடும். கணநேர வீதத்தையும் நீடிக்கும் வீதத்தையும் பிரித்துப் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணித அறிஞர் தாமஸ் கிறிஸ்டியும் 1960-களில் வகுத்த ஆற்றல்–இயக்கக் கோட்பாடு, எந்த வேகத்தில், எத்தனை ஜி-யில் ஆற்றல் மிஞ்சும் என்பதை வரைபடமாக்கி, இரு விமானங்களை ஒப்பிட வழி செய்தது.

1974-இல் பறக்கத் தொடங்கிய எஃப்-16 அந்தச் சிந்தனையின் விளைச்சல். அது 9 ஜி வரை திரும்பக்கூடியது. விமானி அதைத் தாங்க உதவியாக இருக்கை 30 பாகை பின்சாய்ந்திருக்கும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் 9 ஜி என்பது நொடிக்கு 25 பாகை.

இச்சூத்திரம் கிடைமட்டத் திருப்பத்துக்கு மட்டுமே பொருந்தும். செங்குத்து வட்டத்தின் அடியில் புவியீர்ப்பு எதிராக நிற்பதால் 5 ஜி-யில் 4 மட்டுமே பாதையை வளைக்கும். தலைகீழாக இருக்கும் உச்சியில் அதே 5 ஜி-யோடு புவியீர்ப்பும் சேர்ந்து 6 ஆகிறது. கிடைமட்டத்தில் இந்த அளவு 4.9.