கோள்

'கொள்' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் கோள். பற்றிக்கொள்வது என்பது பொருள். வடமொழிக் 'கிரகம்' என்பதன் வேரும் பற்றுதலே. கிரேக்கர்கள் பார்த்தது வேறு: விண்மீன்களிடையே இடம் மாறித் திரிவதால் 'அலைபவை' என்றார்கள். 'பிளானெட்' அங்கிருந்து வந்தது. பட்டினப்பாலையிலும் நாண்மீன் வேறு, கோண்மீன் வேறு.

நவக்கிரகங்களில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி இல்லை. கோப்பர்நிக்கசுக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறியது. 1801இல் கண்டுபிடித்த சீரிசையும் பல பத்தாண்டுகள் கோள் என்றே எழுதினார்கள். அதைப் போன்றவை பெருகவும் 'சிறுகோள்' ஆக்கிவிட்டார்கள். 1930இல் வந்த புளூட்டோவுக்கும் அதே கதிதான். ஏறத்தாழ அதன் அளவே உள்ள ஏரிஸ் 2005இல் தெரியவந்தது. 2006 ஆகஸ்டில் பிராகு நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் நிபந்தனை வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தில் பிற பொருள்களை விட்டுவைத்திருக்கக் கூடாது. மூன்றாவதில் தோற்ற புளூட்டோ 'குறுங்கோள்' ஆனது.

எனக்கு முதல் நிபந்தனைதான் விநோதம். அதன்படி வேறு விண்மீன்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான புறக்கோள்கள் கோள்களே அல்ல! உருண்டையாக இருந்தாலே போதும் என்கிறார்கள் ஆலன் ஸ்டெர்ன் போன்ற கோளறிவியலாளர்கள். அப்படியானால் நம் நிலாவும் கோளாகிவிடும். ஜோதிடர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.