கோட்புக் பின்னூட்டம்

செல்போன் கோபுரத்திலுள்ள பல ஆன்டெனாக்கள் ஒரே தகவலை அனுப்பினாலும், அந்த அலைகள் கைபேசியை அடையும்போது ஒன்றையொன்று வலுப்படுத்தலாம், அழித்தும் விடலாம். 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 15 செ.மீ. இரண்டு அலைகள் கடந்து வரும் தூரத்தில் ஏழரை செ.மீ. வேறுபாடு இருந்தாலே கூட வேண்டியவை அழிந்துபோகும். எந்த ஆன்டெனாவின் கட்டத்தை எவ்வளவு திருப்பினால் அலைகள் கூடும் என்பதைக் கைபேசியால்தான் அளந்தறிய முடியும். அதைத் திருப்பிச் சொல்ல அதற்குக் கிடைப்பதோ சில பிட்டுகள். இதற்கான தீர்வே கோட்புக். ஆன்டெனா எடைகளின் ஒரே பட்டியலை இரு தரப்பும் வைத்துக்கொள்ளும். கைபேசி தனக்குப் பொருந்தும் வரிசையின் எண்ணை மட்டும் அனுப்பும்.

கைபேசி அளந்து சொல்ல, அதன்படி கோபுரம் தன் ஆன்டெனாக்களைச் சரிசெய்துகொள்ளும் முறையை 1994-இல் டெரெக் ஜெர்லாக்கும் ஆரோக்கியசாமி பால்ராஜும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பொள்ளாச்சியில் பிறந்து இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கிய பால்ராஜ் அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்தார்.

மூன்றாம் தலைமுறையின் முதல் தரநிலையான வெளியீடு 99 இந்த எண்ணத்தை மிகச் சிக்கனமாக நடைமுறைப்படுத்தியது. 10 மில்லிநொடிச் சட்டகத்தில் 15 துண்டுகள். துண்டுக்கு ஒரு பிட். ஆக நொடிக்கு 1,500 பிட்டுகள். அடுத்தடுத்து வரும் இரண்டு பிட்டுகளைச் சேர்த்து, இரண்டாம் ஆன்டெனாவுக்கு நான்கு கட்டங்களில் ஒன்றைக் கோபுரம் தேர்ந்தெடுத்தது. நடந்து செல்பவருக்கு இது பலன் தந்தது. விரையும் வாகனத்தில் இருப்பவருக்கோ, செய்தி போய்ச் சேர்வதற்குள் அலைவழியே மாறிவிடும்.

பட்டியலை எப்படி அமைப்பது? 2003 அக்டோபரில் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் இரு குழுக்கள் விடை தந்தன: ஒன்று டேவிட் லவ், ராபர்ட் ஹீத், தாமஸ் ஸ்ட்ரோமர், மற்றொன்று ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முக்கவில்லி, சபர்வால் முதலியோர். பல பரிமாண வெளியில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கோடுகளை ஒன்றுக்கொன்று இயன்ற அளவு விலக்கி வைக்கும் வடிவியல் கணக்காக இதை அவர்கள் மாற்றிக் காட்டினர். இத்துறையின் மிக அழகான முடிவுகளில் ஒன்று இது.

ஆனால் தரநிலை எழுதியவர்களுக்கு வேறு கவலைகளும் இருந்தன. எல்டிஇ-யின் வெளியீடு 8, நான்கு ஆன்டெனாக்களுக்கு 16 வரிசைகள் கொண்ட பட்டியலை ஹவுஸ்ஹோல்டர் அணிகளிலிருந்து உருவாக்கியது. எல்லா எடைகளும் ஒரே வீச்சுடையவை. ஆகவே எந்தப் பெருக்கியும் அரைகுறையாக இயங்காது. ஒரு தரவுத் தாரைக்கான எடைகள் இரு தாரைகளுக்கான எடைகளுக்குள்ளேயே அடங்குவதால் கைபேசிச் சில்லின் கணக்கும் குறைந்தது. நடைமுறைக்கு இது நல்ல தேர்வுதான்.

16 வரிசைகளைச் சுட்டும் நான்கு பிட்டுகள் போன்ற நிலையான அளவின் போதாமையை 2006-இல் நிஹார் ஜிண்டல் நிறுவினார். கோபுரம் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்போது, ஒவ்வொருவரின் அலைவழியையும் அது துல்லியமாக அறியாவிட்டால் ஒருவருக்கான அலை மற்றவருக்கு இரைச்சலாகிறது. நான்கு ஆன்டெனாக்கள் என்றால், திறன் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கைபேசியும் 3 பிட்டுகள் கூடுதலாக அனுப்ப வேண்டும்.

எட்டு ஆன்டெனாக்களுக்கான வெளியீடு 10 இங்கேதான் நுட்பமான ஒரு திருப்பத்தைத் தந்தது. கைபேசி இருக்கும் திசை மெதுவாக மாறும். ஆன்டெனாக்களின் இரு முனைவாக்கங்களுக்கிடையிலான கட்டமோ வேகமாக மாறும். எனவே பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. முதல் எண், அருகருகே உள்ள நான்கு கற்றைகளின் தொகுதியைக் குறிக்கும். எப்போதாவது அனுப்பினால் போதும். இரண்டாம் எண் அந்த நான்கில் ஒன்றையும், நான்கு கட்டங்களில் ஒன்றையும் சுட்டும். பின்வந்த கோட்புக்குகள் பலவற்றுக்கும் இந்த இரட்டை அமைப்பே அடித்தளம்.

2010-இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா வேறு வழி காட்டினார். ஏறு, இறங்கு திசைகள் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்தால், கைபேசி அனுப்பும் சோதனை அலையிலிருந்தே கோபுரம் அலைவழியை அறியலாம். ஆன்டெனாக்களை எவ்வளவு பெருக்கினாலும் பின்னூட்டச் சுமை கூடாது. ஆயினும் திசைக்கொரு அதிர்வெண் கொண்ட வலையமைப்புகளுக்கு இது உதவாது. கோபுரத்தின் எல்லையில் நிற்கும் கைபேசியின் சோதனை அலையும் வலுவிழந்தே வந்து சேரும். கோட்புக் நிலைத்தது.

2018-இல் வந்த 5ஜி, 32 ஆன்டெனா முனைகள் வரைக்கும் இரு வகைகளைத் தந்தது. முதல் வகை சிறந்த ஒரு கற்றையைத் தேர்கிறது. இரண்டாம் வகை நான்கு கற்றைகள் வரை எடுத்து, ஒவ்வொன்றின் வீச்சையும் கட்டத்தையும் சொல்கிறது. அறிக்கை சில நூறு பிட்டுகள் வரை நீளும். முதல் வகை கட்டாயம். இரண்டாவது கைபேசித் தயாரிப்பாளரின் விருப்பம். அந்தச் சுமையை வெளியீடு 16 குறைத்தது. அலைகள் வரும் பாதைகள் சிலவே என்பதால், அதிர்வெண் வாரியான எடைகளைக் கால தாமத வாரியாக மாற்றி, பெரிய எண்களை மட்டும் அனுப்பினால் போதும். வெளியீடு 18 கைபேசியின் நகர்வையும் கணக்கில் சேர்த்தது.

இதற்கிடையே 2018-இல் சாவ்-கை வென் குழுவினர் பட்டியலையே கைவிட்டுப் பார்த்தனர்: கைபேசியில் சுருக்கும் நரம்பியல் வலை, கோபுரத்தில் விரிக்கும் நரம்பியல் வலை. அச்சிட்ட தரநிலையை எந்த நிறுவனமும் படித்துச் செயல்படுத்தலாம். இந்த இரு வலைகளோ ஒன்றுக்கொன்று பொருந்தப் பயிற்றப்பட வேண்டும். கைபேசி ஒரு நிறுவனத்தினுடையது, கோபுரக் கருவி இன்னொரு நிறுவனத்தினுடையது என்றால் பயிற்சித் தரவை யார் யாருக்குத் தருவது? வெளியீடு 18-இன் ஆய்வு இக்கேள்வியைத் தீர்க்காமல் அடுத்த வெளியீட்டுக்கு விட்டுச்சென்றது.