கவ்வாத்து மலையின் கானல்

இலங்கையின் நோர்வூட்டில் நான் பிறந்த லயத்துக்கு மேலே ஏறினால், யாத்திரைப் பருவ இரவுகளில் சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசை தெரியும். அது மினுங்குவதைப் பார்த்து, "சாமி கண் சிமிட்டுது" என்பார் அப்பாயி. பின்னாளில் நில அளவையாளர் ஒருவரோடு சங்கிலி பிடிக்கப் போனேன். சிமிட்டுவது சாமியல்ல, நடுவிலே கிடக்கிற காற்று என்று அவர்தான் சொன்னார்.

பத்து மணி தாண்டினால் தியோடலைட்டில் தூரத்துக் கொடிக்கம்பு தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் கேட்கவே வேண்டாம். தேயிலைச் செடியின் நிழல் போன வெறும் மண் சூடேறி, வெப்பக் காற்றைச் சுழல்களாக மேலே தள்ளும். சூட்டுக் காற்று ஒருவிதமாகவும் குளிர்காற்று வேறுவிதமாகவும் ஒளியை வளைப்பதால், குறி ஓரிடத்தில் நிற்பதில்லை.

வெயில் தரும் தொல்லை எங்களோடு தொடங்கியதல்ல. 1802இல் சென்னையின் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்தபோதே, வெயிலில் நீண்டுவிடுமென்று பயந்து சங்கிலியைக் கூடாரத்துக்குள் வைத்தார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், இரவில் விளக்கேற்றிக் குறிபார்த்தார். 1830களில் கங்கைச் சமவெளியில் சுமார் 50 அடிக் கோபுரங்கள் கட்டிப் பார்வைக்கோட்டைத் தரையிலிருந்து தூக்கினார். கோபுரத்தைத்தான் நான் பெரிய புத்தி என்பேன்.

காற்றின் தலையில் செய்யாத பழியைப் போட்டவர்களும் உண்டு. சிவனொளிபாதத்தின் நிழல் விடியலில் எழுந்து நிற்பதற்கு, காற்று ஒளியை வளைப்பதே காரணம் என்று 1876இல் ஆபே பாதிரியார் எழுதினார். 1886இல் வானிலை ஆய்வாளர் ஆபர்குரோம்பி மலையேறிப் பார்த்தார். நிழல் விழுந்தது எதிரே மிதந்த மூடுபனியில்!

காற்றுச் சுழலின் கணக்கு பிறகுதான் வந்தது. பெரிய சுழல் உடைந்து சிறியதாகும் விதத்தை ரஷ்யாவின் கொல்மொகோரோவ் 1941இல் சூத்திரமாக்கினார். 1971இல் வின்கார்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்குப்படி, வெயில் நேரத்தில் தரையிலிருந்து உயரம் இரட்டிப்பானால் ஒளியைக் குலைக்கும் கொந்தளிப்பின் அளவு ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகிவிடும். லேசர் கதிரைத் தரையோடு அனுப்புகிறவர்கள் இன்றும் இந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். எவரெஸ்டின் கோபுரத்துக்கு நியாயம் கிடைக்க நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எங்கள் குழுவுக்கும் லேசர் கருவி வந்தது. ஆனாலும் தோட்டத்தில் ஆளெண்ணும் காலைப் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறும்போது நாங்கள் முக்காலியை நட்டிருப்போம். வெயில் மண்ணைச் சுட்டதும் கருவி பெட்டிக்குள் போய்விடும்.